சம்பந்தம் பேச ஒன்பது குழி

ஜெயகுமாரிக்கு இரண்டு காரியம் வராது. ஒன்று, மெதுவாகப் பேசுவது. மற்றது, தோற்பது. முதலாவதற்கு, ஒஸ்லோவில் இத்தனை வருஷம் பஸ் ஓட்டினால் யாருக்கும் குரல் அப்படித்தான் ஆகும் என்று அவளுடைய கணவர் அல்பேர்ட் ஒரு சமாதானம் வைத்திருந்தார். இரண்டாவதற்கு அவரிடமும் சமாதானம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது சின்னப் பிள்ளைகளோடு கரம் பலகையில் காய் சுண்ட உட்கார்ந்தாலும் வென்றுவிட்டுத்தான் எழும்புவாள். பிள்ளைகள்தானே, விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று யாராவது கேட்டால், விட்டுக்கொடுத்தால் அதுகள் எப்போது பழகுவது என்று திருப்பிக் கேட்பாள்.

பிறந்தது மன்னாரில் பேசாலை. பள்ளிக்கூடத்தில் மட்டையால் பந்தடிக்கும் எல்லே விளையாடும்போது பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவதில் பெயர் எடுத்தவள். கலியாணம் முடித்து வந்து இறங்கிய இடம் நோர்வேயின் வடகோடி. குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காத ஊர். அங்கே மீன் தொழிற்சாலையில் வரிசையாக நின்று கொட் மீன் வெட்டினார்கள். மற்றவர்கள் சம்பளத்துக்கு வெட்டினார்கள், ஜெயகுமாரி பக்கத்தில் நிற்பவளை முந்துவதற்காக வெட்டினாள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்மனில் வீடு எடுத்து, மகள் யூலியா பிறந்து, பஸ் ஓட்டும் உத்தியோகமும் கிடைத்தது. அல்பேர்ட்டுக்கு ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. அவர் ஊர்காவற்றுறை ஆள், சாது. வீட்டில் இரண்டு பஸ் சாரதி இருந்தால் தாங்காது என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது.

கோல்ஃப் வந்தது ராண்டியால். பஸ் டிப்போவில் அவளோடு வேலை செய்யும் நோர்வேக்காரி. வேலை இடத்து விளையாட்டுக் கழகத்தில் புதிதாகப் பழகுபவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள், ஒருக்கால் வந்து பார் என்று கூட்டிப்போனாள். கோல்ஃப் என்றால் தொப்பி போட்ட கோடீஸ்வரர்களின் விளையாட்டு என்று நினைத்துப் போன ஜெயகுமாரி, அங்கே குழாய் பொருத்துகிறவரும் பிள்ளைகள் காப்பகத்து ஆசிரியையும் சேற்றுச் சப்பாத்தோடு நிற்பதைக் கண்டாள். மட்டையைக் கையில் கொடுத்தார்கள். எல்லே அடித்த கை அதை மறக்கவில்லை. பந்து போன திசையைப் பார்த்து ராண்டி வாயைப் பிளந்தாள். அன்றோடு பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

அந்தப் பைத்தியம் இப்படி ஒரு சோதனைக்குள் கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது?

யூலியாவுக்கு அபிராமைப் பிடித்திருந்தது, அபிராமுக்கு யூலியாவைப் பிடித்திருந்தது. ஈஸ்டர் நேரத்தில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் சொன்னார்கள். ஜெயகுமாரியும் அல்பேர்ட்டும் ஒரு இரவு முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மறுநாள் காலை சம்மதித்தார்கள். லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் அபிராமின் தகப்பன் குகநேசனிடமிருந்துதான் ஒரு சத்தமும் இல்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவர்கள் சைவம், இவர்கள் வேதம், கத்தோலிக்கர். அதுதான் இழுக்கிறது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். யூலியா வெளியில் சிரித்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயகுமாரியால் தாங்க முடியவில்லை.

வெயில் காலம் தொடங்கியதும் அபிராம் மூலம் ஒரு செய்தி வந்தது. அப்பாவும் கோல்ஃப் விளையாடுகிறவர். சனிக்கிழமை அன்ரியோடு ஒரு ஆட்டம் ஆட விருப்பமாம்.

செய்தி வந்த கையோடு அல்பேர்ட்டின் அக்கா அருள்நாயகி தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெண்ணைக் கொடுக்கிற பக்கம் பணிந்துதான் போக வேண்டும், பேசாமல் தோற்றுவிட்டு வா என்றாள்.

"மாப்பிள்ளையின்ர தேப்பனை வெண்டுபோட்டுப் பிறகு என்ன முகத்தோட பொம்பிளை குடுக்கிறது?"

அல்பேர்ட்டும் அக்காவின் பக்கம்தான். மகளுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று சொல்கிற தாய்மார் ஊரில் நிறையப் பேர். ஜெயகுமாரி அதைவிடப் பெரியதைக் கொடுக்கச் சம்மதித்தாள். தோற்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை புறப்படும்போது யூலியா வாசலில் நின்று, "ஸ்லப் அவ், அம்மா. விளையாட்டுத்தானே" என்று பாதி நோர்வே மொழியில் தாயை ஆறுதலாக இருக்கச் சொன்னாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சொன்னவள் உள்ளே போகவில்லை.

நகரத்தின் விளிம்பில் காட்டுக்குள் வெட்டிய சின்ன மைதானம் அது. ஒன்பது குழிதான். ஆனால் அதைப் போட்டவனுக்கு மனிதர்கள்மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும். சமதரை என்று சொல்ல ஒரு துண்டு இல்லை. இரண்டு பக்கமும் நெருக்கமாக பைன் மரம். நடுவில் கரும்பாறை முதுகை நீட்டிக்கொண்டு கிடக்கும். பள்ளத்தில் சதுப்பு. அதற்குள் போன பந்தை இதுவரை யாரும் திரும்பக் கண்டதில்லை. பெரிய மைதானங்களில் பெயர் எடுத்தவர்களும் இங்கே வந்து மட்டையைக் காட்டுக்குள் வீசிவிட்டுப் போன கதைகள் உண்டு.

குகநேசன் முன்னமே வந்து நின்றார். உயரமான மனிதர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட காற்சட்டை. லில்லெஸ்ட்ரோமில் சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அவரிடம் கார் ஓடப் பழகுகிறவர்கள் எல்லோரும் தன்னுடைய பஸ்ஸுக்கு முன்னால்தான் ஊர்ந்துகொண்டு போகிறார்கள் என்று ஜெயகுமாரி சொல்ல, பஸ்ஸைக் கண்ட பயத்தில்தான் அவர்கள் ஊர்கிறார்கள் என்று அவர் சொன்னார். தொடக்கம் நல்லாகத்தான் இருந்தது. அல்பேர்ட் விளையாடுகிறவர் அல்ல. மட்டைகள் வைத்த தள்ளுவண்டியை இழுக்கவும் மனைவியைக் கண்ணால் கட்டுப்படுத்தவும் வந்திருந்தார். தோளில் ஒரு பை. அதில் தேநீர்ப் போத்தல், ஒரு பெட்டி மீன் றோல்ஸ், சனிக்கிழமை என்று அவர்கள் மீன் மச்சம் சாப்பிடாவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டி மரக்கறி றோல்ஸ்.

ஒவ்வொரு குழியாக யார் குறைந்த அடியில் பந்தைப் போடுகிறாரோ அந்தக் குழி அவருக்கு, அதிகம் குழி எடுத்தவர் வென்றவர் என்று பேசிக்கொண்டார்கள். முதல் அடியிலேயே கடமையைச் செய்துவிடுவோம் என்று ஜெயகுமாரி பந்தை நேரே காட்டுக்குள் விட்டாள். பந்து ஒரு பைன் மரத்தில் மோதி, பாறையில் விழுந்து, அங்கிருந்து எகிறி, கொடி நட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. குகநேசன் கை தட்டினார். அல்பேர்ட் பல்லைக் கடித்தார்.

"இஞ்சேரும், என்னப்பா செய்யிறீர்?" என்றார் மெல்ல.

"நானென்ன செய்ய? அது போகுது" என்றாள் ஜெயகுமாரி. அவளுடைய மெல்லிய குரல் காடு முழுக்கக் கேட்டது.

தோற்பதும் ஒரு தொழில்தான், பழகினால்தான் வரும். இரண்டாவது குழியிலிருந்து அவளுக்கு வழி பிடிபட்டது. நண்பர்களாக விளையாடும்போது ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு மிகக் கிட்ட வந்துவிட்டால், போதும், எடுங்கள் என்று சொல்லிவிடலாம். அடிக்காமலே விழுந்ததாகக் கணக்கு. ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம், அவ்வளவுக்குத்தான் அந்தத் தாராளம். ஜெயகுமாரி, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு போடுவது போலத் தொடங்கிவிட்டாள். இரண்டு முழத்தில் கிடந்த பந்தை எடுங்கோ என்றாள். அடுத்த குழியில், ஒரு ஆள் கையை நீட்டிப் படுத்தாலும் எட்டாத தூரத்தில் கிடந்ததையும் எடுங்கோ என்றாள். குகநேசன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு உபசாரம் செய்தும் மனிதரை வெல்ல வைப்பது லேசாக இல்லை. மைதானம் அவரைப் போட்டு வாட்டி எடுத்தது. சதுப்பு அவருடைய பந்துகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஒன்றைத் தேடி இறங்கியவர் இஸ்திரிக் காற்சட்டை முழங்கால்வரை கறுத்து ஏறி வந்தார். அந்த அடியை எண்ண வேண்டாம் அண்ணை என்றாள் ஜெயகுமாரி. எண்ணத்தான் வேண்டும் என்றார் அவர். பின்னால் வந்த ஓய்வூதியக் கூட்டம் ஒன்று பொறுமையாக நிற்பதைக் கண்டு, நீங்கள் முன்னால் போங்கள் என்று அவர்களுக்கும் விட்டுக்கொடுத்தாள். அன்று அவள் விட்டுக்கொடுக்காதது காட்டில் இருந்த எறும்புகளுக்கு மட்டும்தான்.

நடுவில் ஒரு பலகை இருக்கையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அல்பேர்ட் இரண்டு பெட்டியையும் திறந்து வைத்தார். குகநேசன் யோசிக்காமல் மீன் றோல்ஸை எடுத்து, ருசித்துச் சாப்பிட்டு, இன்னொன்றும் எடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைகளில் வரவர நல்ல முருங்கைக்காய் வருவதில்லை என்று பேசினார்கள். பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தானாகக் கேட்டால் பெண்ணுக்கு அவசரப்படுகிறார்கள் என்று நினைத்துவிடுவாரோ என்று ஜெயகுமாரிக்குப் பயம். நாக்கு நுனியில் நின்றதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினாள். இவ்வளவு பாடுபட்டுத் தோற்கிறேனே, மனிதர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏழாவது குழிக்கு வரும்போது குகநேசன் ஒரேயொரு குழி முன்னால் நின்றார். அவருடைய பந்து சரிவில், குழியிலிருந்து நல்ல தூரத்தில் கிடந்தது. பழகினவர்களே அந்தச் சரிவில் சறுக்குவார்கள்.

"எடுங்கோ அண்ணை" என்றாள் ஜெயகுமாரி.

குகநேசன் அசையவில்லை.

"தங்கச்சி, அது விழாது."

"விழுந்த மாதிரித்தான். எடுங்கோ."

அவர் குனிந்து பந்தை எடுத்து, துடைத்து, பையில் போட்டார். பிறகு அந்தக் குழி இரண்டு பேருக்கும் வேண்டாம், கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம் என்றார். குரலில் அதுவரை இருந்த பகிடி இல்லை.

"நான் சனத்துக்குக் கார் ஓடப் பழக்கிற ஆள். தெரியாமல் பிழை விடுறவையையும் தெரிஞ்சு பிழை விடுறவையையும் எனக்குத் தெரியும். காலமையிலயிருந்து நீங்கள் எனக்கு விட்டுத் தாறியள்."

அல்பேர்ட் ஓடி வந்து, அவளுக்குத் தோள்மூட்டில் நோவு என்று ஒரு பொய்யை எடுத்து விட்டார். அது எடுபடவில்லை. குகநேசன் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துகொண்டார். கறுத்த காற்சட்டையைப் பார்த்தபடி, தன்னுடைய மூத்த மகள் சாருகாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவளுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். மண்டபம் அவர்கள் சொன்னது, நாள் அவர்கள் சொன்னது, கூறைச் சேலையின் நிறம்கூட அவர்கள் சொன்னது. பெண்ணைக் கொடுக்கிறோம், பணிந்து போவோம் என்று நினைத்தார். கலியாணத்துக்குப் பிறகு சாருகா அந்த வீட்டில் பணிந்தாள். சாப்பாட்டில் பணிந்தாள், உடுப்பில் பணிந்தாள், வேலையை விடு என்றபோதும் பணிந்தாள். கடைசியில் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"பிள்ளை பாவம். அவளுக்கு ஆர் பழக்கினது? குனிஞ்சது நான். என்னைப் பாத்துத்தான் அவள் பழகினவள்."

பிறகு அவர் சொன்னதுதான் ஜெயகுமாரியின் நெஞ்சில் நேரே வந்து விழுந்தது. ஈஸ்டருக்குப் பிறகு யூலியா முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அபிராம் காட்டிய படங்களில் எல்லாம் அவளுடைய கழுத்தில் ஒரு சின்னச் சிலுவைச் சங்கிலி இருந்தது. அன்றைக்கு இல்லை. அதைக் கண்டுபிடித்தது சாருகா.

"'அப்பா, இந்தப் பிள்ளையும் என்னை மாதிரித்தான் வரப்போகுது' எண்டவள். அதுக்குப் பிறகு எனக்கு ஓம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. சமயம் எனக்குப் பிரச்சினை இல்லை, தங்கச்சி. எங்கட வீட்டுக்கு வாற பிள்ளை குனிஞ்சுகொண்டு வரக் கூடாது. என்ர பெடியனுக்கும் அந்தச் சுகம் பழகக் கூடாது. அதுதான் தாய் எப்பிடியான ஆள் எண்டு பாக்க வந்தனான்."

ஜெயகுமாரிக்கு முகம் சுட்டது. அந்தச் சங்கிலியை யூலியா தானாகக் கழற்றவில்லை. ஏன் அம்மா, நான் எப்போதும் போடுறதுதானே என்று அவள் கேட்டபோது, அவர்கள் என்ன நினைப்பார்களோ, கழற்றி வை என்று வற்புறுத்தியது தாய்தான். கரம் பலகையில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு காய் விடாதவள், சொந்த மகளின் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி யாருக்கோ விட்டுக்கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தன்மேல் கோபமாகவும் இருந்தது.

"நான்தான் கழட்டச் சொன்னனான்" என்றாள்.

குகநேசன் தலையை ஆட்டினார். கண்டிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. இன்னும் இரண்டு குழி கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினார்.

எட்டாவது குழி ஒரு நீண்ட ஏற்றம். ஜெயகுமாரி கையுறையை இறுக்கிக்கொண்டு, அல்பேர்ட்டைப் பார்க்காமல், பந்தைப் பார்த்தாள். அடித்த சத்தத்தில் மரத்தில் இருந்த காகங்கள் எழும்பின. பந்து பாறைக்கு மேலால், மரங்களின் நடுவால், ஏற்றத்தின் உச்சியைத் தாண்டிப் போய் மறைந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஓய்வூதியக் கிழவர் ஒருவர் திரும்பி நின்று தொப்பியைக் கழற்றினார். அந்தக் குழி அவளுக்கு. இப்போது இரண்டு பேரும் சமம்.

குகநேசன் மீசைக்குள் சிரித்தார். ஆனால் அவரும் தோற்க வந்த ஆள் அல்ல என்பது கடைசிக் குழியில்தான் தெரிந்தது. அங்கே குறுக்கே ஒரு சின்ன ஏரி கிடக்கிறது. அதைச் சுற்றிப் போவது நீளமான வழி, நம்பிக்கையான வழி. நேரே மேலால் அடித்தால் ஒரு அடி மிச்சம், தவறினால் தண்ணீருக்குள். குகநேசன் தன்னிடம் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே, அவசரப்படாமல், கண்ணாடி பார்த்து, வேகம் பார்த்துச் சுற்றிப் போனார். அன்று முழுவதும் வராத அடிகள் எல்லாம் அவருக்கு அப்போது வந்தன.

ஜெயகுமாரி ஏரியின் முன்னால் நின்றாள். சுற்றிப் போம், சுற்றிப் போம் என்று பின்னால் அல்பேர்ட் செபம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மேலால் அடித்தாள். பந்து அந்தக் கரையை மயிரிழையில் தொட்டு, நாணல் பற்றைக்குள் விழுந்தது. தண்ணீரில் இல்லை, ஆனால் நல்ல இடத்திலும் இல்லை. சப்பாத்து நனைய நனைய நாணலுக்குள் நின்று அதைத் தோண்டி எடுத்து அடித்தாள். அங்கே மிச்சம் பிடித்த அடி இங்கே போய்விட்டது. பிறகு கொடிக்குப் பக்கத்தில், நீண்ட தூரத்திலிருந்து உருட்டிவிட்ட பந்து, விளிம்பில் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

குகநேசனுக்கு ஒரு அடிதான் மிச்சம். அதைப் போட்டால் ஆட்டம் சமம். பந்து குழியிலிருந்து ஒரு முழத்தில் கிடந்தது. அதை எந்த நண்பனும் எடு என்று சொல்லிவிடுவான். பூசையில் பாடுகிறவர்கள், பஸ் டிப்போ ஆட்கள், யாராக இருந்தாலும் சொல்லுவார்கள். குகநேசன் மட்டையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அல்பேர்ட்டும் பார்த்தார். அவருடைய கண்கள் கெஞ்சின. சமமாகவே முடியட்டும், இரண்டு பக்கத்துக்கும் மரியாதை, எல்லோருக்கும் நல்லது என்று அந்தக் கண்கள் சொல்லின.

ஜெயகுமாரி பந்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளின் வாழ்க்கை அந்த ஒரு முழத்தில் கிடக்கிற மாதிரி இருந்தது. அந்த மனிதர் சொன்னதை அவள் நம்பினாள். ஆனால் தோற்றபிறகு ஒரு ஆணின் மனம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

"அடியுங்கோ அண்ணை" என்றாள்.

குகநேசன் குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார். தட்டினார். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றது.

அல்பேர்ட் கண்ணை மூடிக்கொண்டார். குகநேசன் நிமிராமல் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஜெயகுமாரி பயந்து போனாள். நிமிர்ந்தபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கையைக்கூடக் கொடுக்காமல், முதல் வேலையாகப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"சாருகா, அப்பா தோத்துப்போனன், மகள்... இல்லை, ஒரு முழத்தைக்கூட விட்டுத் தரேல்லை. நான் நிண்டு முகத்தைப் பாத்தனான், அடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டா... ஓம். கோயிலோ சேர்ச்சோ எண்டு இனி இவவோட சண்டை பிடிக்க வேணும். பிடிப்பம். உனக்கு இப்ப பயமில்லையே?... அப்ப கலியாணத்தைச் செய்வம்."

மறுபக்கத்திலிருந்து வந்த வார்த்தைகள் ஜெயகுமாரிக்கு விளங்கவில்லை. ஒரு பெண் பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டபிறகு அவளால் அழாமல் நிற்க முடியவில்லை.